பதினேழாம் வாய்ப்பாடு

பதினொன்றரைக்கு உலகம்மாள் வந்துவிடுவாள். ஆசிரியைகள் அறைக் கதவில் ஒட்டியிருந்த தாளைச் சண்முகவடிவு காலையில் இரண்டு தரம் படித்தாள். ஒன்பதாம் அறையிலிருந்து பதினான்காம் அறை வரைக்கும் தேர்வைக் கண்காணிக்கிறவர்கள் ஒவ்வொருவராக வெளியே போய்வர, பத்துப் பத்து நிமிடம் உலகம்மாள் மாற்றி விடுவாள் என்று தலைமையாசிரியை பச்சை மையில் எழுதியிருந்தாள். பதினொரு மணிக்கு ஒன்பதாம் அறை, பதினொன்று பத்துக்குப் பத்தாம் அறை. வடிவுக்குப் பன்னிரண்டாம் அறை. கணக்கு டீச்சருக்கு இதைக் கூட்டிப் பார்க்கக் காகிதமா வேண்டும். மகன் செத்து நாற்பத்தோரு நாள் கழித்து இன்றைக்குத்தான் உலகம்மாள் பள்ளிக்கூடம் திரும்பியிருக்கிறாள். மூன்று மணி நேரம் ஒரே அறையில் நிற்க வைக்கக் கூடாது என்கிற நல்ல எண்ணத்தில் தலைமையாசிரியை இந்த லேசான வேலையைக் கொடுத்தாள். அந்த நல்ல எண்ணம் நேரே வந்து வடிவின் தலையில் இறங்கிவிட்டது. காலை வழிபாட்டுக்கு வேண்டுமென்றே தாமதமாக வந்தாள். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடப் போகையில், உலகம்மாளின் பழுப்புக் கைப்பை மேசையில் இருப்பதைப் பார்த்துவிட்டு வினாத்தாள் கட்டை வாங்கிக்கொண்டு பின்வாசல் வழியாக மாடி ஏறினாள். நாற்பத்தாறு வயதுப் பொம்பிளை, வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளை மாதிரி ஒளிந்து ஒளிந்து. ஒளிந்து என்ன ஆகப்போகிறது, பள்ளிக்கூடத்துக்கு இருப்பது ஒரே மாடி.

பரீட்சை அறையில் பெரிய பரீட்சை டீச்சருக்குத்தான். பிள்ளைகளுக்காவது விடையெழுதத் தாள் உண்டு. உட்காரக் கூடாது, செல்போன் வைத்திருக்கக் கூடாது, புத்தகம் கூடாது, இருபது பெண்பிள்ளைகளின் உச்சி வகிடுகளைப் பார்த்தபடி முன்னும் பின்னும் நடக்கலாம், அவ்வளவுதான். பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வு, இன்றைக்குச் சமூக அறிவியல். மனசுக்கு வேறு வேலை இல்லாவிட்டால் அது போகிற இடம் ஒன்றே ஒன்றுதான். கேட்டிருக்குமா? கேட்டிருக்காது. அந்தச் சத்தத்தில், முப்பது பொம்பிளைகள் மாரில் அடித்துக்கொண்டு அழுகிற வீட்டில், வாசலில் கொட்டுக்காரர்கள் வேறு, ஒருத்தியின் உதடு அசைந்தது யாருக்குக் கேட்கும். ஆனால் உலகம்மாளின் காது வடிவின் வாயோடு ஒட்டி அல்லவா இருந்தது. மூன்றாவது பெஞ்சில் ஒருத்தி தும்மினாள். இரண்டு வரிசை தள்ளி இருந்தவள் தலை நிமிராமலே எச்சரிக்கையாகத் தாளைக் கையால் மறைத்துக்கொண்டாள். தும்மல் கேட்கிறது, பேனா ஓடுகிற சத்தம் கேட்கிறது. காதோடு சொன்னது கேட்காதா? சொன்னேனா, மனசுக்குள்தானே சொன்னேன்? மனசுக்குள் சொன்னால் உதடு ஏன் காய்ந்துபோயிருந்தது? குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். இது நாற்பத்தோரு நாளாகக் குறுகுறுத்துக்கொண்டே இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை விடுமுறைகூட எடுத்துக்கொள்ளவில்லை.

நடந்தது இவ்வளவுதான். உலகம்மாளின் மகன் செண்பகராஜ், கோயம்புத்தூரில் மூன்றாம் வருஷம் படித்தவன், காய்ச்சல் என்று போனில் சொன்ன ஐந்தாம் நாள் ஆம்புலன்ஸில் வந்து இறங்கினான். பள்ளிக்கூடத்திலிருந்து எல்லாருமாக வேன் பிடித்துப் போனார்கள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மற்ற டீச்சர்களுக்கு அழுகை பிடித்துக்கொண்டது. வடிவை முன்னால் போகச் சொல்லித் தள்ளினார்கள், அவள்தான் தைரியசாலி, அவள்தான் நெருக்கம். பதினான்கு வருஷமாக இரண்டு பேரும் ஒரே மேசை. வடிவு திருத்திய தாளை உலகம்மாள் கூட்டிப் பார்ப்பாள், உலகம்மாள் திருத்தியதை வடிவு கூட்டிப் பார்ப்பாள், அரை மதிப்பெண் தவறினால்கூட ஒருத்தியை ஒருத்தி ஒரு வாரம் கேலி செய்வார்கள். அந்த உலகம்மாள் பிள்ளையின் காலடியில் உட்கார்ந்திருந்தவள், வடிவைக் கண்டதும் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு எழுந்து வந்து, வடிவு, எம் பிள்ளையப் பாத்தியா என்று கழுத்தைக் கட்டிக்கொண்டு விழுந்தாள். அந்த ஊரில் அப்படித்தான். வருகிறவள் கட்டிக்கொண்டு கூட அழ வேண்டும், இரண்டு அழுகையும் ஒன்றாகிக் கொஞ்ச நேரம் ஓடி, பிறகு ஒன்றையொன்று அமர்த்த வேண்டும். அதற்குத்தானே அந்த வழக்கமே. வடிவும் கட்டிக்கொண்டாள். முதுகைத் தடவினாள். தடவிக்கொண்டே ஆரம்பித்துவிட்டாள். பதினேழு ஒன்று பதினேழு. ஈரேழு முப்பத்து நாலு என்று வாய் தடுமாறி, இல்லை பதினேழு இரண்டு முப்பத்து நாலு. பதினேழு மூன்று ஐம்பத்தொன்று. பத்து வரை போய் மறுபடி முதலிலிருந்து. நடுவில் ஓரிடத்தில் உலகம்மாளின் ஒப்பாரி சட்டென்று நின்றது. உடம்பு விறைத்தது. ஒரு நொடி, இரண்டு நொடி. பிறகு மறுபடி அழ ஆரம்பித்தாள். மூச்சு வாங்க நிறுத்தியிருப்பாள். அழுகிறவர்கள் மூச்சு வாங்க வேண்டாமா? வாங்கத்தான் வேண்டும். ஆனால் மூச்சு வாங்குகிற உடம்பு ஏன் விறைக்க வேண்டும் என்று வடிவு தினமும் காலையில் பல் துலக்கும்போது தன்னையே கேட்டுக்கொள்கிறாள். துக்க வீட்டிலிருந்து போய் வருகிறேன் என்று சொல்லிக்கொள்ளாமல் கிளம்ப வேண்டும் என்பது எந்தப் புண்ணியவதி ஏற்படுத்திய வழக்கமோ, அதற்கு அவள் அன்றைக்கு நன்றி சொன்னாள். வேனில் முதல் ஆளாக ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தவளும் அவள்தான்.

டீச்சர் கூடுதல் தாள், என்று கடைசி பெஞ்சிலிருந்து கை உயர்ந்தது. வடிவு பக்கத்தில் போனதும் அந்தப் பெண்ணின் கண்ணில் ஒரு பயம் வந்து போனதை அவள் பார்த்தாள். பிள்ளைகள் அவளைக் கண்டு பயப்படுவது அடிப்பாள் என்பதற்காக இல்லை, அவள் யாரையும் அடித்ததே இல்லை. இந்தப் பள்ளிக்கூடத்தில் யார் வீட்டிலாவது இழவு விழுந்து செய்தி வந்தால், அந்தப் பிள்ளையை வகுப்பிலிருந்து கூப்பிட்டு ஆட்டோவில் கொண்டுபோய் வீட்டில் விடுகிற வேலை வடிவுக்கு. வழியில் சொல்லக் கூடாது. முகத்தில் காட்டக் கூடாது. வேறு யாரை அனுப்பினாலும் பாதி வழியில் உடைந்துவிடுகிறார்கள். வடிவு வகுப்பு வாசலில் நின்று, பையை எடுத்துக்கிட்டு வாம்மா என்பாள், அந்தக் குரலில் ஒரு சுருக்கம் இருக்காது. பத்து வருஷத்தில் பதினோரு பிள்ளைகள். இப்போது வடிவு டீச்சர் வேறு ஏதாவது வேலையாக வாசலில் வந்து நின்றால்கூட வகுப்பு முழுக்கக் கையைக் காலைச் சுருட்டிக்கொள்கிறது. போன வருஷம் ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒன்று ஆட்டோவில் ஏறி உட்கார்ந்ததும், யாரு டீச்சர், எங்க அப்பாவா என்று கேட்டது. வடிவு அதன் முகத்தைப் பார்க்காமல், இப்ப என்ன பாடம் ஓடுது, பின்னமா, அஞ்சுல ரெண்டையும் மூணுல ஒண்ணையும் கூட்டு பாப்போம் என்றாள். பிள்ளை கூட்டியது. வீட்டு முக்குத் திரும்பி வாசலில் பந்தல் தெரிகிற வரைக்கும், விரல்விட்டுப் பொது மடங்கு கண்டுபிடித்துக்கொண்டே வந்தது. பதினைந்தில் பதினொன்று என்று சரியாகவும் சொன்னது. அன்றைக்குத் தலைமையாசிரியை எல்லார் முன்னாலும் வடிவைப் பாராட்டினாள். வடிவும் சிரித்தாள். இப்போது அந்தப் பிள்ளையின் விரல்கள்தான் கண்ணில் வருகின்றன. தன் நெஞ்சைக் கட்டிப்போட்டது போதாதென்று அதன் நெஞ்சையும் அல்லவா கட்டிப்போட்டேன். கூடுதல் தாளை நீட்டினாள். நன்றி டீச்சர் என்று அந்தப் பெண் அவசரமாகக் குனிந்துகொண்டாள்.

இந்த எண்ணுகிற வியாதி எங்கே பிடித்தது என்று வடிவுக்குத் தெரியும். தங்கை கோமதிக்கு ஐந்து வயதில் வலிப்பு வர ஆரம்பித்தது. வந்தால் அம்மா தரையில் புரண்டு அழுவாள், தெரு கூடிவிடும், பிள்ளையைப் பிடிக்க ஆள் இருக்காது. எத்தனை நேரம் வெட்டுகிறது என்று யாராவது பார்த்துச் சொன்னால்தான் மருந்தைக் கூட்டிக் குறைக்க முடியும் என்றார் டாக்டர். வீட்டுக் கடிகாரத்தில் நொடி முள் ஓடாது. பதினோரு வயது வடிவு தங்கையை ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயோரம் துடைத்துக்கொண்டே எண்ணினாள். நூற்று எண்பது, இருநூற்றுப் பத்து. டாக்டர் அவள் தலையில் கை வைத்து, இந்தப் பிள்ளைக்குத்தான் வீட்டில் மூளை வேலை செய்யுது என்றார். அந்தக் கை இன்னும் தலையை விட்டு இறங்கவில்லை. எண்ணினால் கை நடுங்காது, கை நடுங்காவிட்டால் தங்கை பிழைப்பாள். அழுகிறவர்களால் யாருக்கு என்ன பிரயோஜனம்? இதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. ஆனால் கண் விழித்ததும் கோமதி அம்மாவின் மடியைத் தேடித்தான் ஊர்ந்து போவாள், கதறிக் கதறி மூக்கு வீங்கிப்போன, ஒன்றுக்கும் உதவாத அம்மாவிடம். வடிவு எச்சில் துணியை அலசிக் காயப்போடப் போவாள். ஒருநாள், கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற பிறகு, கோமதி பேச்சோடு பேச்சாகச் சொன்னாள், நீ எண்ணுதது எங்கியோ தூரத்துல கேக்கும்க்கா, இவ இன்னும் எத்தன வரைக்கும் போவாளோன்னு பயமா இருக்கும். வடிவு அதைச் சிரித்துக் கடந்துவிட்டாள். வெறும் ஒன்று இரண்டு மூன்று எப்போதோ பழகிப் போய்விட்டது, அதைச் சொல்லிக்கொண்டே அழவும் முடியும். அப்பா செத்தபோதுதான் பதினேழாம் வாய்ப்பாட்டுக்கு வந்தாள். பதினாறாம் வாய்ப்பாடு பாட்டு மாதிரி தானாக வரும், பதினேழு வராது, ஒவ்வொரு படியிலும் மனசு நின்று கூட்ட வேண்டும். துக்கம் நுழைய இடம் இருக்காது. கெட்டிக்காரத்தனத்துக்கு ஒரு அளவு வேண்டாமா.

பதினொன்று இருபது. பக்கத்து அறையில் நாற்காலி நகர்கிற சத்தம். பதினோராம் அறைக்கு வந்துவிட்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் நிற்கிறாள். பதினாறாம் நாள் காரியத்துக்குப் போகவில்லை, காய்ச்சல் என்று சொல்லியனுப்பினாள். அந்த வீட்டில் போய்க் காய்ச்சல் என்று சொல்லியனுப்பினாளே, வேறு நோயா கிடைக்கவில்லை. உலகம்மாள் இரண்டு தரம் போன் செய்தாள். இரண்டு தரமும் அது அடித்து ஓய்கிற வரைக்கும் வடிவு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதற்குக் கூப்பிட்டிருப்பாள்? கேட்கத்தான். எம் பிள்ள பொணத்துக்கு முன்னால நின்னு நீ என்னட்டி சொன்னே என்று கேட்கத்தான். கேட்டால், அழுகையை அடக்க அப்படிச் செய்தேன் அக்கா என்று சொல்லலாம். சொன்னால் உலகம்மாள் ஏற்றுக்கொள்வாள், அவள் நல்லவள். ஆனால் அது உண்மையா? இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் வடிவு ஜன்னலைப் பார்ப்பாள், கரும்பலகையைப் பார்ப்பாள், யாராவது எதையாவது கேட்க மாட்டார்களா என்று பார்ப்பாள். இன்றைக்கு யாரும் கேட்கவில்லை, எல்லாரும் கருத்தாக எழுதிக்கொண்டிருந்தார்கள். உண்மை என்னவென்றால் அன்றைக்கு அடக்குவதற்கு ஒன்றுமே வரவில்லை. கண்ணில் இல்லை, தொண்டையில் இல்லை. திருடன் வராத வீட்டில் விடிய விடியக் காவல் காத்த மாதிரி எண்ணிக்கொண்டிருந்தாள். சைக்கிளில் அம்மாவைக் கூப்பிட வந்து வாசலில் மணியடித்துக்கொண்டு நிற்பானே, மதிய சாப்பாட்டில் வடிவின் டிபன் பாக்ஸைத் திறந்து வெண்டைக்காயை மட்டும் பொறுக்குவானே, அந்தப் பிள்ளை வெள்ளைத் துணிக்குள் கிடக்கிறான், இவளுக்கு ஒன்றும் வரவில்லை. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்களே, அதற்கும் கீழே அல்லவா போய்விட்டேன், எனக்கு வந்ததுகூட எனக்குத் தெரியாதே. முப்பத்தைந்து வருஷம் அடைத்து வைத்த கிணறு, ஊற்றுத் தூர்ந்து போய்விட்டதோ என்னவோ. அழுது நடித்திருக்கலாம். ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதையாக இருந்திருக்கும், இருந்தாலும் அந்த ஓநாய்க்காவது கண்ணீர் வந்ததே.

உலகம்மாள் சத்தமில்லாமல் உள்ளே வந்தாள். மெலிந்திருந்தாள், ஜாக்கெட் தோளில் தொளதொளவென்று இருந்தது. பிள்ளைகள் எழுந்திருக்கப் பார்த்தார்கள், கையைக் காட்டி உட்கார வைத்தாள். மேசைக்குப் பக்கத்தில் வந்து, போய்ட்டு வா வடிவு, கேன்டீன்ல டீ இருக்கு என்றாள், வழக்கமான குரலில். வடிவு சரி அக்கா என்றாள். உடனே கிளம்பவில்லை. கிளம்பியிருந்தால் பத்து நிமிடத்தில் திரும்பி வந்து, அவள் பதின்மூன்றாம் அறைக்குப் போய், இது இப்படியே ஓய்வு பெறுகிற வரைக்கும் போயிருக்கும். அதற்குத்தான் நாற்பத்தோரு நாளாக ஆசைப்பட்டாள். ஒருவழியாக வாசல் வரைக்கும் போனாள். பின்னாலேயே உலகம்மாளும் வந்து, பிள்ளைகளைப் பார்த்தபடி நிலைப்படியில் நின்றுகொண்டு, கிசுகிசுத்த குரலில் பேசினாள்.

“பதினேழு எட்டு எத்தன வடிவு?”

வடிவு மாடிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். கேட்டிருக்கிறது.

“நூத்தி முப்பத்தாறு,” என்று சொன்னாள்.

“நீ நூத்தி இருவத்தாறுன்னு சொன்னே. சொல்லிட்டு அடுத்ததுக்குப் போயிட்டே.” உலகம்மாள் பிள்ளைகளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “எனக்குச் சுருக்குன்னுச்சு. நூத்தி முப்பத்தாறுல்லா, பத்து விட்டுட்டாளேன்னு நெனைக்கேன். எம் பிள்ள அங்கன கெடக்கான். நான் ஒன் தப்பத் திருத்திக்கிட்டு நிக்கேன். ரெண்டு நொடி, எனக்கு அவன் செத்தது ஞாபகம் இல்ல வடிவு. ஒரு அம்மக்காரி செய்யுத காரியமா இது? யாருகிட்டச் சொல்ல? அவங்க அப்பாட்டச் சொல்ல முடியுமா? ஒனக்குத்தான் புரியும்னு ரெண்டு மட்டம் போன் போட்டேன்.”

வடிவு வாயைத் திறந்தாள். முதலில் வந்தது அவளுடைய ஆட்டோக் குரல், அதெல்லாம் சகஜம் அக்கா, அதிர்ச்சியில் மனசு அப்படித்தான் செய்யும். அது பல்லுக்குப் பின்னால் தயாராக நின்றது. அதை விழுங்கினாள். அடுத்து வந்தது இன்னும் வேகமாக வந்தது. அக்கா, எனக்கு அன்றைக்கு அழுகையே வரவில்லை, நான் மனுஷியே இல்லை, என்னை மன்னித்துவிடு என்று சொல்லிக் காலில் விழுந்துவிட வேண்டும் போலிருந்தது. எவ்வளவு நிம்மதியாக இருக்கும். உலகம்மாள் அவளைத் தூக்கி நிறுத்துவாள், கண்ணைத் துடைப்பாள், நீ என்னட்டி செய்வே என்று தேற்றுவாள். பிள்ளையைப் பறிகொடுத்தவள் இவளைத் தேற்ற வேண்டும். அந்த எண்ணம் வந்ததும் வடிவுக்கு உடம்பெல்லாம் கூசியது. நாற்பத்தோரு நாளும் அவள் உலகம்மாளையா நினைத்தாள்? உலகம்மாள் தன்னைப் பற்றி என்ன நினைக்கிறாள் என்பதைத்தானே நினைத்தாள். கேட்டதா கேட்கவில்லையா என்று மட்டும். அந்த வீட்டில் காலையில் எழுந்து யார் அடுப்புப் பற்ற வைத்தார்கள், அவன் சைக்கிளை என்ன செய்தார்கள், ஒன்றும் கேட்கவில்லை. வெட்கப்படுவதைக்கூட ஒரு வாய்ப்பாடு மாதிரிச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாள். துக்கம் நுழைய அதிலும் இடமில்லை.

“அக்கா,” என்றாள். குரல் தனக்கே அந்நியமாக இருந்தது. “கடைசியா ஒங்கிட்ட என்ன பேசுனான்?”

உலகம்மாள் முதல் தடவையாக அவளைத் திரும்பிப் பார்த்தாள். இத்தனை நாளில் யாரும் அதைக் கேட்கவில்லை போலிருக்கிறது. கேட்டால் அழுவாள் என்று எல்லாரும் பேச்சை மாற்றியிருப்பார்கள், நல்ல மனசோடுதான்.

“ஆஸ்பத்திரில,” என்று ஆரம்பித்தாள். உள்ளே பேனாக்கள் ஓடிக்கொண்டிருந்தன. “மூணாவது நாளு. ஃபேன நிறுத்தும்மா, குளுருதுன்னான். அந்த ரூம்புல ஃபேனே கெடையாது வடிவு. நான் எந்திரிச்சுப் போயி சும்மா செவுத்துல கைய வச்சு அமுத்துனேன். நிறுத்திட்டேன்யான்னேன். ஆமா, நின்னுட்டுன்னான்.”

வடிவுக்குக் கண் நிறைந்துவிட்டது, எந்தத் தடையும் இல்லாமல், கேட்காமல் கொள்ளாமல். நிறைந்ததுமே முதலில் என்ன நினைத்தாள் தெரியுமா? நல்லவேளை, வந்துவிட்டது, அக்கா பார்க்கட்டும் என்று நினைத்தாள். அப்படி நினைத்ததற்கு அவள் பட்ட வெட்கம் இந்த நாற்பத்தோரு நாளில் பட்ட எல்லா வெட்கத்தையும் விடப் பெரியது. முகத்தைச் சட்டென்று தாழ்வாரத்துப் பக்கம் திருப்பிக்கொண்டாள். இப்போது தான் விம்மினால் உலகம்மாள் பேச்சை நிறுத்திவிட்டு முதுகைத் தடவ வந்துவிடுவாள், அவன் அந்த ஆஸ்பத்திரி அறையில் பாதிப் பேச்சோடு நின்றுபோவான். கண்ணீர் கன்னத்தில் இறங்கிக் கழுத்துக்குள் போனது, துடைத்தால் தெரிந்துவிடும் என்று துடைக்கவில்லை. குரல் மட்டும் நடுங்கக் கூடாது. அதற்கு எந்த எண்ணும் கைகொடுக்கவில்லை, உலகம்மாள் அடுத்துச் சொல்லப் போவதைக் கேட்க வேண்டும் என்கிற ஒன்றுதான் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு, முடிந்த மட்டும் மெதுவாக, திரும்பாமலே கேட்டாள்:

“பொறவு என்னக்கா சொன்னான்?”